"பிள்ளை போன வருஷம் எங்கே இருந்தா?"

வருமான வரி ஃபைல் பண்ணித் தரும் வேலை இருக்கிறதே, அதில் ஜனங்கள் டாக்டரிடம் மறைப்பதைக்கூட நம்மிடம் கொட்டிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார்கள்.

நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் இந்த வேலையைப் பல வருஷம் பார்த்தேன். ஒரு பக்கம் இந்தியன் கடை, மறுபக்கம் லாண்டரி. நடுவில் நாங்கள். அதனால் எங்கள் ஆபீஸில் எப்போதும் பெருங்காயமும் சோப்பும் கலந்த ஒரு வாசனை. முதலாளி டோரதி என்ற அமெரிக்க அம்மாள். எந்நேரமும் சூயிங்கம் மெல்லுவாள். தமிழ் முகம் உள்ளே வந்தால் போதும், வாயைத் திறக்காமல் விரலால் என் மேஜையைக் காட்டிவிடுவாள்.

நீங்களும் ஜனவரி கடைசியில் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்கள்தானே? சம்பளச் சீட்டு வந்ததும் அதில் உள்ள கட்டங்களைப் பார்த்து மிரண்டவர்கள்தானே? அப்படியென்றால் உட்காருங்கள். நாம் எல்லாரும் ஒரே கூட்டம்.

பத்து வருஷ சோபா

பார்த்தசாரதியும் கல்யாணியும் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்காரர்கள். அவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க்குக்குப் போய்வரும் சாஃப்ட்வேர்காரர். கல்யாணிக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. ஒரே பையன். அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்களுக்கு வரியிலிருந்து நேராக ஒரு தொகையைக் கழிப்பார்கள். சைல்டு டாக்ஸ் க்ரெடிட் என்று பெயர். ஆனால் அதற்கு ஒரு கோடு உண்டு. வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டினால் க்ரெடிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கும். இவர்களுடைய இரண்டு சம்பளமும் சேர்ந்து கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது.

"சார், 401கே-யில ஏன் ஒண்ணுமே போடல?" என்று கேட்டேன். 401கே என்பது சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்து ஓய்வுக் காலத்துக்குப் போட்டு வைக்கும் கணக்கு. அதில் போட்ட பணம் அந்த வருஷத்து வருமானத்தில் சேராது. வருமானம் குறைந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம், பிள்ளை க்ரெடிட் முழுசாகக் கிடைக்கும். கிழவனாகிச் சாப்பிடப்போகிற சோற்றுக்கு இன்றைக்கே அரிசி வாங்கினால் பிள்ளைக்குப் பால் பாக்கெட் இலவசம், அவ்வளவுதான் விஷயம். இதை நான் வாய் வலிக்க விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இங்கேயே இருக்கறவங்களுக்கு மேடம். நாங்க அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடறோம்" என்றார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும் இதேதான். நான் கல்யாணியைப் பார்த்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள்:

"போன வாரம்தான் புது சோபா வாங்கினார், வசந்தா. பத்து வருஷ வாரன்ட்டியோட."

பாஸ்போர்ட் இருக்கே

அதே சீசனில் சிக்கந்தரும் மெஹரும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஊர் காயல்பட்டினம். இரண்டு பேரிடமும் க்ரீன் கார்டு. அவர் ஒரு மருந்துக் கிடங்கில் சூப்பர்வைசர். அவள் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை. வந்து உட்கார்ந்ததும் சிக்கந்தர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நகைக்கடையில் சங்கிலி காட்டுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மகள் ஜைனப்புடைய பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, கடைசியாக நீல நிற அமெரிக்கப் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் படத்தில் இருந்த கைக்குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அந்த யாரோவின் வளையல் தெரிந்தது.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "பிள்ளை போன வருஷம் எங்கே இருந்தா?" சிக்கந்தர் பாஸ்போர்ட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். "சிட்டிசன் மேடம், இங்கே பொறந்தவ" என்றார். "அது சரி, இருந்தது எங்கே?" மெஹர்தான் சொன்னாள். கைக்குழந்தையிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய லாத்தாவிடம், அதாவது கூடப்பிறந்த அக்காவிடம். டேகேருக்குக் கொடுத்தால் மெஹருடைய சம்பளம் அப்படியே அங்கே போய்விடும். வேலையை விட்டால் வாடகை போகாது. நியூஜெர்சியில் இருந்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து பில்டிங்கிலேயே இரண்டு காலித் தொட்டில்கள் இருந்தன.

வருஷத்தில் பாதிக்கு மேல் பிள்ளை உங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கான க்ரெடிட் எதுவும் கிடையாது, பாஸ்போர்ட் எந்த நிறமானாலும் சரி என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் 'பூஜ்யம் மாதம்' என்று அடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மெஹர் கேட்டாள்:

"அவ இங்கே இல்லைங்கறத இதுலயும் எழுதணுமா, அக்கா?"

டோரதிக்கு வந்த சந்தேகம்

அவர்கள் போனபின் டோரதி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். "உன் ஆட்கள் எல்லாரிடமும் பென்ஷனுக்குப் போடுங்கள் என்கிறாய். ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு பதில் சொல்கிறார்கள், நீ தலையில் கை வைத்துக்கொள்கிறாய். என்னதான் சொல்கிறார்கள்?" என்றாள். நான் வரிசையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒருவர் தங்கை கல்யாணம் முடியட்டும் என்றார். ஒருவர் மச்சினி கல்யாணம். ஒருவர் மகளுக்கு இப்போதே நகை சேர்க்கிறார், மகள் கிண்டர்கார்ட்டன் படிக்கிறாள். ஒருவர், "எனக்கு ரெண்டு பசங்க, எனக்கெதுக்கு பென்ஷன்" என்றார். அந்த இரண்டு பசங்களும் அப்போது என் மேஜைக்கு அடியில் ஒருத்தனை ஒருத்தன் கடித்துக்கொண்டிருந்தான்கள்.

டோரதி சூயிங்கத்தைத் துப்பி காகிதத்தில் மடித்தாள். அவள் அப்படிச் செய்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"உங்க ஆட்கள் ஊர்ல இருக்கிற எல்லார் கல்யாணத்துக்கும் பணம் சேர்த்து வைக்கிறாங்க. கிழடாகறதுக்கு மட்டும் யாரும் நாள் குறிக்கலை."

போன் உம்மா

மார்ச் மாதம் சிக்கந்தரும் மெஹரும் திரும்பி வந்தார்கள். ஃபைல் பண்ணியாகிவிட்டதே, எதற்கு என்று பார்த்தேன். மெஹர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஊரில் ஜைனப்புக்கு நன்றாகப் பேச்சு வந்துவிட்டதாம். லாத்தாவை உம்மா, அதாவது அம்மா என்று கூப்பிடுகிறாளாம். லாத்தா பதறிப்போய், "நான் பெரியம்மா, இதோ போன்ல இருக்காங்களே இவங்கதான் உம்மா" என்று திருத்தியிருக்கிறாள். பிள்ளை கெட்டிக்காரி, இரண்டையும் வைத்துக்கொண்டாள். லாத்தா ஊர் உம்மா. மெஹர் போன் உம்மா. "எனக்கு என் பிள்ளை வேணும் அக்கா, வழி இருக்கா சொல்லுங்க" என்றாள். வரி வேலைக்கு வந்தவளிடம் இப்படியெல்லாமா கேட்பார்கள்?

வழி இருந்தது. மெஹர் பகல் வேலையை விட்டுவிட்டு சாயங்காலமும் வார இறுதியும் மட்டும் வேலை செய்யலாம். சிக்கந்தர் விடிகாலை ஷிஃப்ட் வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் டேகேர் வேண்டாம். ஆனால் வருமானத்தில் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் க்ரெடிட். பிள்ளை க்ரெடிட் ஒன்று. குறைந்த சம்பளத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு வரியே இல்லாவிட்டாலும் கையில் கொடுக்கிற இன்கம் க்ரெடிட் ஒன்று. இந்த இரண்டாவதுக்கும் கோடு உண்டு, இவர்கள் அந்தக் கோட்டை ஒட்டி நின்றார்கள். சிக்கந்தர் 401கே-யில் போட்டால் சம்பளக் கணக்கு இறங்கும், அது இறங்க இறங்க இன்கம் க்ரெடிட் ஏறும். போதாததுக்கு, சின்னச் சம்பளக்காரர் ஓய்வுக் காலத்துக்குச் சேமித்தால் அதற்கென்றே தனியாக ஒரு சின்ன க்ரெடிட் வேறு. நூறு டாலர் போட்டால் கையை விட்டு நிஜமாகப் போவது அதில் பாதியோ என்னவோதான். இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் தப்புப் பண்ணுவார்கள். ஏப்ரலில் வந்து பேங்க்கில் ஐ.ஆர்.ஏ. என்று தனியாக ஓர் ஓய்வுக்காலக் கணக்கு திறந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். இந்த இன்கம் க்ரெடிட்டுக்கு அது உதவாது. சம்பளத்திலேயே, மாசா மாசம் பிடித்திருக்க வேண்டும். ஆகையால் இன்றைக்கே ஆரம்பிக்கணும். ஜைனப் ஜூன் முடிவதற்குள் இங்கே வந்து இறங்கணும்.

சிக்கந்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வட்டி வருமா, அது எங்களுக்கு ஆகாதே என்றார். வட்டி இல்லாத பங்கு ஃபண்டு எது என்று பார்த்துக் குறித்துக் கொடுத்தேன், பள்ளிவாசலில் கேட்டுவிட்டுச் சேருங்கள் என்றேன். இந்த க்ரெடிட்டை வாங்கினால் சிட்டிசன்ஷிப்பில் பிரச்சினை வருமா என்றார். வராது என்றேன். அறுபது வயதில் இந்தப் பணம் எப்படிப் பெருகியிருக்கும் என்று நான் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்:

"அறுபது வயசுல எனக்குச் சோறு போடறது இருக்கட்டும் மேடம். இந்தக் கணக்கு என் மகளை ஏரோப்பிளேன்ல ஏத்துமா? அதச் சொல்லுங்க."

குபெர்டினோவிலிருந்து ஒரு போன்

நடுவில் ஒரு சின்ன விஷயம். எங்களிடமிருந்து கலிஃபோர்னியாவில் குபெர்டினோவுக்கு மாறிப்போன ஒருவர் ஏப்ரல் நெரிசலில் போன் போட்டார். அந்த வருஷம் கம்பெனி கொடுத்த பங்குகளை மொத்தமாக விற்றிருந்தார். வருமானம் எங்கேயோ போய்விட்டது, பிள்ளை க்ரெடிட் காணாமலே போய்விட்டது. "என் பையன் போன வருஷமும் இருந்தான், இந்த வருஷமும் இருக்கான், இன்னும் ரெண்டு இஞ்ச் வளர்ந்துகூட இருக்கான், க்ரெடிட் எங்கே மேடம் போச்சு?" என்று சண்டைக்கு வந்தார். அது பையனைப் பார்த்துக் கொடுப்பதில்லை சார், உங்கள் வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது என்றேன். பிறகு ரொம்ப சாந்தமாகச் சொன்னார்:

"அப்போ நான் நல்லா சம்பாதிச்சா எனக்குப் பிள்ளையே இல்லைன்னு அர்த்தமா?"

ஊறுகாய்க்குப் பதிலாக

இனி மறுபடி ஜைனப். பிள்ளையை யார் கொண்டுவருவது? மெஹர் புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, லீவு கிடையாது. சிக்கந்தருக்கும் கிடையாது. லாத்தாவுக்கு விசா கிடையாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஊறுகாய், மிளகாய்ப்பொடி, பெரியவர்களுக்கு மாத்திரை என்று ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவோம். அவர்களும் வாய்க்குள் திட்டிக்கொண்டே சுமந்து வருவார்கள். லீவு போட்டுச் சென்னை போய் ஃபிளாட் பார்த்துவிட்டு ஜூன் மாசம் திரும்புகிறோம் என்று கல்யாணி சொன்னதும் எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "வரும்போது ஒண்ணு கொண்டுவரணுமே" என்றேன். "எவ்வளவு வெயிட்?" என்றாள். "ஒரு பதினோரு கிலோ இருக்கும். பேசும்" என்றேன்.

கல்யாணி உடனே சரி என்றாள். பார்த்தசாரதிதான் யோசித்தார். பிளேனில் அழுதால்? என்ன சாப்பிடும்? நாங்கள் முட்டைகூடத் தொடமாட்டோமே? அப்புறம் அவரே, "இட்லி சாப்பிடும் இல்லையா? அப்போ சரி" என்றார். சிக்கந்தரும் மெஹரும் சம்மதக் கடிதம் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஜூன் கடைசியில், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜைனப்புக்கு அம்மை போட்டுவிட்டது.

அம்மை போட்ட பிள்ளையை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். என்னதான் செய்வது? ஜூன் முடிந்துவிட்டால் அந்த வருஷத்து க்ரெடிட் போச்சு. இதை மெஹரிடம் போனில் சொல்லவேண்டியவள் நான்தான். சொன்னேன். அவள், "உடம்பு ரொம்பக் கொதிக்குதாமா அக்கா? லாத்தா உள்ளதைச் சொல்ல மாட்டேங்கிறா" என்றாள். நான் சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. பார்த்தசாரதி எனக்குச் சென்னையிலிருந்து போன் போட்டார். "டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டேன் மேடம். பிள்ளை குணமாகட்டும், கூட்டிண்டு வர்றோம்" என்றார். டிக்கெட்டை மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, "அத விடுங்கோ மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

ஜூலை நடுவில் நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கினார்கள். நானும் போயிருந்தேன். கல்யாணி தோளில் ஜைனப். முகத்தில் இன்னும் தழும்பு. மெஹர் ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு வீரிட்டுக் கத்திக் கல்யாணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மெஹர் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சிக்கந்தர், "கொஞ்ச நேரம் விடு, கொஞ்ச நேரம் விடு" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனாள். கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். கல்யாணியின் போன் அடித்தது. கல்யாணி எடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் காதில் வைத்தாள். "ஜைனு, என் தங்கமே, சாப்பிட்டியா?" பிள்ளை அழுகையை நிறுத்தியது. "போன் உம்மா" என்றது. "ஆமாண்டி, போன் உம்மாதான்" என்று பேசிக்கொண்டே மெஹர் தூணுக்கு இந்தப் பக்கம் வந்தாள். பிள்ளை போனைப் பார்த்தது, அவள் வாயைப் பார்த்தது, மறுபடி போனைப் பார்த்தது. அப்புறம் கையை நீட்டியது. நாங்கள் எல்லாரும் அழுதோம், வெட்கமே இல்லாமல் அழுதோம். பார்த்தசாரதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இருபது மணி நேரம் என் மடியிலதான் தூங்கித்து. திருப்பிக் கொடுக்கும்போது இப்படி இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

வந்த தேதி

அந்தக் குளிர்காலம் அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் போனது. மெஹருடைய முழுச் சம்பளம் நின்றுவிட்டது, க்ரெடிட்டும் வராது. சிக்கந்தர் காரை விற்றுவிட்டு இன்னொருவர் காரில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். 401கே-யை நிறுத்திவிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். நிறுத்தாதீர்கள், அடுத்த வருஷம் மொத்தமாகக் கைகொடுக்கும் என்றேன். சொல்லிவிட்டு வீட்டில் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். சிக்கந்தருக்கு ஓவர்டைம் வந்த நாட்களில் கல்யாணிதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். ஜைனப் குதித்துக் குதித்துப் பத்து வருஷ சோபாவின் ஸ்ப்ரிங் ஒரே சீசனில் போய்விட்டது.

பிப்ரவரியில் வந்தார்கள். அதே கேள்வி, அதே கட்டம். பாதிக்கு மேல் இல்லை. இரண்டு வாரம் குறைகிறது. உங்களுக்குத் தெரியும், நம் கூட்டத்தில் நல்ல மனசுக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. "ஜூன்ல வந்தாள்னு போட்டுடுங்க, யார் வந்து பார்க்கப்போறா" என்று யாரோ அவர்களிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மெஹர் அதை என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அது முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிக்கந்தர் சொல்லிவிட்டார்:

"வேணாம் மேடம். அவ வந்து இறங்கின நாள் எங்களுக்கு ரம்ஜான், பக்ரீதுக்கு அப்புறம் மூணாவது பெருநாள். அந்தத் தேதிய நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

இந்த வருஷம்

அதற்கு அடுத்த பிப்ரவரி. மூன்று பேரும் வந்தார்கள். ஜைனப் சிவப்பு ஃபிராக் போட்டுக்கொண்டு என் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். கணக்குப் போட்டேன். பிள்ளை க்ரெடிட் முழுசு. இன்கம் க்ரெடிட், 401கே புண்ணியத்தில், நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். சின்னச் சேமிப்பு க்ரெடிட்டும் வந்தது. கடைசித் தொகையைத் திரையில் காட்டியதும் சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பழைய கார் வாங்கலாம்" என்றார். "முதல்ல லாத்தாவுக்கு ஒரு நல்ல புடவை" என்றாள் மெஹர். பக்கத்து மேஜையில் டோரதி வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்தது, அந்த ஒரு கேள்வியைத் தவிர. அதை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். நாற்காலியைப் பிடித்து நிறுத்தி, "ஜைனப், நீ போன வருஷம் எங்கே இருந்தே?" என்று அவளிடமே கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள். உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மெஹர் சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளை சொன்ன பதிலில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, கண் நிரம்பிவிட்டது:

"ஐ லிவ் ஹியர். ஊர் உம்மா லிவ்ஸ் இன் த போன்."

ஆக, பென்ஷனுக்குப் போடுகிற காசு கிழவனான பிறகுதான் திரும்பி வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு தடவை அது சிவப்பு ஃபிராக் போட்டுக்கொண்டு முன்கூட்டியே வந்து, என் நாற்காலியின் திருகைக் கழற்றிவிட்டுப் போனது.